கடனை மொய் நோட்டில் எழுதலாமா? ஒரு திருப்பூர் கணக்கரும் பணக்கார நாடுகளின் காலநிலை நிதியும்

திருப்பூரில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீருக்கு ஒரு காலத்தில் அமெரிக்க அரசாங்கம் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று சொன்னால், ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆனால் அது உண்மை.

1990-களில் பனியன் ஏற்றுமதி எகிறிக்கொண்டிருந்தபோது இந்த ஊரில் தண்ணீர் இல்லை. சாயப்பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கின. அப்போது உருவானதுதான் 'நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்'. தமிழக அரசு, ஐஎல் அண்டு எஃப்எஸ் நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் எல்லோரும் சேர்ந்து 1995-ல் தொடங்கிய கம்பெனி. பவானி ஆற்றிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். செலவு சுமார் 1,000 கோடி ரூபாய். ஆலைகளுக்கு அதிக விலை, நகராட்சிக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலை. நீண்ட காலக் கடன் தர உள்ளூர் வங்கிகள் தயங்கிய நேரத்தில், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு ஒரு பகுதிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது.

கவனிக்க வேண்டியது, அமெரிக்கா பணத்தைக் கொடுக்கவில்லை. 'இவர்கள் கட்டாவிட்டால் நான் பொறுப்பு' என்றது. பணம் வந்தது கடனாக. கட்ட வேண்டியவர்கள் தண்ணீர் வாங்குகிறவர்கள்.

அந்த யுஎஸ்எய்டு இப்போது இல்லை. 2025 ஜனவரி 20-ல் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்திவைக்க டிரம்ப் கையெழுத்திட்டார். ஜூலை 1-ம் தேதி அந்த அமைப்பு அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் கரைக்கப்பட்டது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒருவர், "ஜாமீன் போட்டவனே போயிட்டானா?" என்று சிரித்தார். 66 வயது. 25 வருடங்களுக்கு மேல் ஒரு சாயப்பட்டறையில் கணக்குப் பார்த்தவர். பெயர் வேண்டாம் என்பது மட்டும்தான் அவர் வைத்த நிபந்தனை. பட்டறைக் கணக்கு தவிர அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சொந்தபந்தத்தில் எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் மொய் எழுத அவரைத்தான் உட்காரவைப்பார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைவிட முக்கியம், யார் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் தொகையை மாற்றி எழுத மாட்டார்.

அவருடைய மகன் வழிப் பேத்தி பி.காம் இரண்டாம் வருடம். கல்லூரியில் காலநிலை நிதி பற்றி ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். போனில் தேடியதை அவள் வாசிக்க வாசிக்க, அப்பாரு குறுக்குக் கேள்வி கேட்டார். அவர் கேள்விகள் எல்லாமே மொய் மேஜையிலிருந்து வந்தவை.

"நூத்துக்கு எழுபது பைசாங்க அப்பாரு" என்று ஆரம்பித்தாள் அவள்.

பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவிகிதத்தை ஏழை நாடுகளுக்கு உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா பொதுச்சபை 1970-ல் தீர்மானம் போட்டது. 100 ரூபாய் சம்பாதித்தால் 70 பைசா. 50 வருடங்களுக்கு மேலாகியும், 2024-ம் ஆண்டுக் கணக்கில் அந்த 70 பைசாவை எட்டியவை நான்கே நாடுகள்: நார்வே, லக்ஸம்பர்க், ஸ்வீடன், டென்மார்க். எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 33 பைசா. தொகையில் முதலிடத்தில் இருந்த அமெரிக்கா, தன் வருமானத்தோடு ஒப்பிட்டால் கொடுத்தது 22 பைசா. பிரிட்டன் 2015-ல் சட்டமே போட்டு 70 பைசா கொடுத்துக்கொண்டிருந்தது. 2021-ல் அதை 50 பைசாவாகக் குறைத்தது. 2027-ல் 30 பைசாவாக்கி, மிச்சத்தை ராணுவத்துக்குத் திருப்பப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

இது பொதுவான உதவிக் கணக்கு. பூமி சூடாவதற்குப் பரிகாரமாகத் தரும் பணத்துக்குத் தனி வாக்குறுதி உண்டு. 2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில், 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றார்கள். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி-யே வைத்திருக்கும் கணக்குப்படி 2020-ல் திரண்டது 8,330 கோடி. இலக்கைத் தொட்டது இரண்டு வருடம் தாமதமாக, 2022-ல்தான். அந்த வருடம் 11,590 கோடி.

"பரவால்லையே, லேட்டானாலும் குடுத்துட்டாங்கல்ல" என்றார் பெரியவர்.

"அரசாங்கங்க மூலமா வந்ததுல சுமார் எழுபது பர்சென்ட் கடனுங்க அப்பாரு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடனை எப்படிக் கண்ணு மொய் நோட்டுல எழுதுனாங்க?"

விஷயமே இந்தக் கேள்விதான். பொதுவான வெளிநாட்டு உதவிக் கணக்கில் 2018 முதல் ஓரளவு ஒழுங்கு வந்திருக்கிறது. குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால், சந்தை வட்டியோடு ஒப்பிட்டு அதில் இருக்கும் சலுகைப் பகுதியை மட்டும்தான் 'உதவி' என்று எழுத வேண்டும். ஆனால் காலநிலை நிதிக் கணக்கில் இன்றும் கடனின் முழுத் தொகையும் ஏறுகிறது. 100 ரூபாய் கடன் கொடுத்து, அதை வட்டியோடு திரும்ப வாங்கினாலும் நோட்டில் 100 ரூபாய் மொய். இதனால்தான் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு அதே 2022-க்குக் கணக்குப் போட்டு, உண்மையான மதிப்பு அதிகபட்சம் 3,500 கோடி டாலர்தான் என்றது.

இந்தச் சண்டையில் இந்தியா முன்பே இறங்கியிருக்கிறது. 2014-ல் 6,200 கோடி டாலர் திரட்டிவிட்டோம் என்று ஓஇசிடி சொன்னபோது, மத்திய நிதி அமைச்சகம் 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டு, நம்பகமாகக் கைக்கு வந்தது 220 கோடி டாலர்தான் என்று பதிலடி கொடுத்தது. 6,200 எங்கே, 220 எங்கே! ஒரே வருமானத்துக்கு இரண்டு ஆடிட்டர்கள் போட்ட பேலன்ஸ் ஷீட்கூட இவ்வளவு வித்தியாசப்படாது.

எதையெல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2023-ல் தோண்டி எடுத்த பட்டியல் இது. ஆசியாவில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்க இத்தாலி கொடுத்த முதலீடு. ஹைதி நாட்டில் கடலோர ஹோட்டலை விரிவாக்க அமெரிக்கா கொடுத்த கடன். அர்ஜென்டினாக் காட்டில் நடக்கும் ஒரு காதல் படத்துக்கு பெல்ஜியம் கொடுத்த தொகை. பங்களாதேஷில் நிலக்கரி மின்நிலையம் கட்ட ஜப்பான் கொடுத்த கடன். எல்லாமே காலநிலை நிதி! இதில் விதிமீறல் எதுவும் இல்லை. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று கறாரான விதியே கிடையாது.

"நம்ம ஊர்ல ஒருத்தர் சில்வர் குடத்தைக் குடுத்துட்டு ஆயிரம் ரூபாய்னு எழுதச் சொன்னாரு. கடைல விசாரிச்சா நானூறு. நான் 'சில்வர் குடம் ஒண்ணு'ன்னு மட்டும் எழுதிட்டேன்" என்றார் பெரியவர். அந்த உறவுக்காரர் இன்றுவரை அவரிடம் சரியாகப் பேசுவதில்லையாம்.

காற்றாலைக்கு வந்த டாலர்

இந்தக் கதை திருப்பூருக்கு நேரடியாக வந்த ஒரு காலமும் உண்டு. பல்லடத்திலிருந்து உடுமலை வரை, தாராபுரம் பக்கமும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கிற காற்றாலைகளில் கணிசமானவை மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் நட்டவை. தமிழ்நாட்டில் காற்றாலைக்கு வழிகாட்டிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று, டென்மார்க் அரசின் 'டானிடா' உதவியோடு 1990-ஐ ஒட்டி கயத்தாறிலும் முப்பந்தலிலும் எழுந்த காற்றாலைப் பண்ணைகள். இங்கே காற்று உண்டு, மின்சாரமும் வரும் என்று கண்ணெதிரே காட்டியது அந்த உதவி. வருமான வரியில் தேய்மானச் சலுகையும் கிடைத்ததும், கொங்கு முதலாளிகள் யாரும் சொல்லாமலே இறங்கிவிட்டார்கள். டென்மார்க் கம்பெனிகளுக்கும் இங்கே வியாபாரம் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உதவி கொடுக்கிற நாடு தன் பொருளுக்குச் சந்தையையும் பார்த்துக்கொள்வது புதிதல்ல. அதற்காக அந்த உதவி கெட்டது என்றும் ஆகிவிடாது.

அடுத்து வந்தது 'கார்பன் கிரெடிட்'. கியோட்டோ ஒப்பந்தம் 2005-ல் அமலுக்கு வந்ததும், இங்கே காற்றாலை ஓடுவதால் மிச்சமாகும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு சான்றிதழ் தரப்பட்டது. அதை ஐரோப்பியத் தொழிற்சாலைகள் வாங்கலாம். தமிழ்நாடு ஸ்பின்னிங் மில்ஸ் அசோசியேஷன், பல மில்களின் காற்றாலைகளை ஒன்றாகக் கட்டி ஐ.நா-விடம் ஒரே திட்டமாகப் பதிவு செய்தது. பெரியவரின் முதலாளியும் தாராபுரம் பக்கம் ஒரு காற்றாலையில் பங்கு வைத்திருந்ததால், அந்தக் காகிதங்கள் இவர் மேஜைக்கும் வந்தன.

அதில் ஒரு நிபந்தனையை அவர் இன்றும் மறக்கவில்லை. 'இந்த கார்பன் வருமானம் கிடைக்காவிட்டால் இந்தக் காற்றாலையை நட்டிருக்கவே மாட்டோம்' என்பதைக் கணக்கோடு நிரூபிக்க வேண்டும். எப்படியும் நடக்கப்போகிற விஷயத்துக்குப் பணம் கிடையாது. கூடுதலாக நடப்பதற்கு மட்டுமே பணம். வட்டி விகிதம், லாப விகிதம், மின்வாரியம் தரும் விலை எல்லாவற்றையும் போட்டுக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து தணிக்கையாளர்கள் வந்து சரிபார்ப்பார்கள்.

நியாயமான விதிதான். ஆனால் இதே சொல் கோபன்ஹேகன் வாக்குறுதியிலும் இருக்கிறது. அந்த 10,000 கோடி டாலரை நோக்கித் தரும் பணம் 'புதியதாகவும் கூடுதலாகவும்' இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்துக்கொண்டிருந்த உதவியை எடுத்துப் பெயரை மாற்றிக் காலநிலை நிதி என்று காட்டக்கூடாது என்பதுதான் அதன் பொருள். இது கூடுதல்தானா என்று அந்த நாடுகளிடம் எந்தத் தணிக்கையாளரும் போய்க் கேட்கவில்லை. கூடுதல் என்றால் என்ன என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கமே இன்றுவரை கிடையாது. தாராபுரத்தில் ஒற்றைக் காற்றாலைக்குப் பங்கு போட்டவர் நிரூபிக்க வேண்டியிருந்ததை, உலகின் பணக்கார அரசுகள் நிரூபிக்க வேண்டியதில்லை.

அந்தக் கதையும் சீக்கிரமே முடிந்தது. 2008-ல் ஒரு கிரெடிட் 20 யூரோ வரை போனது. 2012 முடிவில் ஒரு யூரோகூட இல்லை. அதன் பிறகு புதிதாகப் பதிவாகும் திட்டங்களில், மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து மட்டுமே வாங்குவோம் என்று ஐரோப்பா சொல்லிவிட்டது. காற்றாலை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

லாபம் தராத வேலைக்கு யார் தருவார்?

2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யலில் ஒரு சொட்டுக் கழிவுகூடக் கலக்கக்கூடாது என்று 2006-லேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. நொய்யல் பாசன விவசாயிகள் பல வருடங்கள் போராடிப் பெற்ற தீர்ப்பு அது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிடவே கூடாது என்று கீழே இருந்த விவசாயிகள் மறியல் செய்த அவலம் வேறு எந்த ஊரில் நடந்திருக்கும்? தீர்ப்பில் தவறு சொல்ல முடியாது. ஆனால் பெரியவருக்கு அன்று 51 வயது. பட்டறை மூடியதும் எட்டு மாதம் சம்பளம் இல்லை. மனைவியின் ஆறு பவுன் வங்கிக்குப் போனது. அதில் நான்கு திரும்பி வந்தது.

மீண்டும் திறக்க வேண்டுமென்றால் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். ஆர்.ஓ. மெஷின், அதற்குப் பிறகு கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கும் எவாப்பரேட்டர், அதற்கு மின்சாரம், விறகு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மீதியை பட்டறைக்காரர்கள் வங்கிக் கடனாக வாங்கி, சாயக் கூலியில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஏற்றினார்கள். அந்தச் சாயம் ஏறிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ளும் நாடுகளிலிருந்து காற்றாலைக்குப் பணம் வந்தது. ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் இயந்திரத்துக்கு அப்படி வரிசையில் நின்று யாரும் கொடுக்கவில்லை. காற்றாலை மின்சாரம் விற்கும், கடனைத் திருப்பிக் கட்டும். எவாப்பரேட்டர் எதை விற்கும்?

உலகக் கணக்கிலும் இதே சாய்வுதான். 2022-ன் 11,590 கோடி டாலரில், வெள்ளம், வறட்சி, வெயில் ஆகியவற்றைத் தாங்கி வாழ உதவும் வேலைகளுக்குப் போனது 3,240 கோடி மட்டுமே. அந்த வேலைகள் வருமானம் தராது. சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வெக்கையைக் குறைத்தால் யாருக்கு வட்டி வரும்?

நம் பகுதியில் சமீபத்தில் நடந்த மிகப் பெரிய 'தாங்கி வாழும்' வேலை அத்திக்கடவு - அவிநாசித் திட்டம். பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து மேடேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம். அரை நூற்றாண்டுக்கும் மேலான கோரிக்கை. 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். செலவு 1,916 கோடி ரூபாய், மாநில அரசின் நிதியில். வறட்சி மாவட்டங்களில் நிலத்தடி நீரை மீட்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் காலநிலைத் தகவமைப்பு என்பதுதான். ஆனால் எந்தப் பணக்கார நாட்டின் மொய் நோட்டிலும் அது இல்லை.

"நமக்கே எல்லாம் வேணும்னு சொல்றதும் தப்பு கண்ணு" என்று பெரியவரே நடுவில் ஒரு போடு போட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. திருப்பூர் ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். கடன் கேட்டால் கிடைக்கும், கட்டவும் முடியும். அதனால்தான் கடன் கொடுப்பவர்கள் இந்தியா போன்ற நாடுகளைத் தேடி வருகிறார்கள். கடனைக் கட்ட வழியில்லாத நாடுகளுக்குத்தான் இனாமாகப் பணம் தேவை. அங்கே இனாம் குறைவாகவே போகிறது.

இந்தியாவும் இப்போது கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. சிறிய நாடுகள் பலவற்றிடம் 'உங்கள் உதவி இனி வேண்டாம்' என்று 2003-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. 2004 சுனாமியின்போது நம் கடலோரமே அழிந்து கிடந்தபோதும் வெளிநாட்டு நிவாரண உதவியை ஏற்கவில்லை. 2022-ல் இலங்கை தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அதிலும் பெரும்பகுதி கடன்தான் என்பதைப் பேத்தி கண்டுபிடித்துச் சொன்னபோது பெரியவர், "அப்ப நம்ம நோட்டையும் பாக்கோணும்" என்றார்.

பேத்தியின் அம்மா ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். வேலை முடிந்து வந்தவர் பேச்சை இழுத்து வேறு பக்கம் திருப்பினார். "உதவியும் வேண்டாம், மொய்யும் வேண்டாமுங்க மாமா. வரியைச் சரியா வெச்சாப் போதும்." பங்களாதேஷ், பின்தங்கிய நாடு என்பதால் ஐரோப்பாவுக்கு வரி இல்லாமல் சட்டை அனுப்பிய காலமெல்லாம் திருப்பூர்ச் சட்டைக்குச் சுமார் 9.6 சதவிகிதம் வரி. அதுவும் ஒருவகை உதவிதான். அதற்கு பட்ஜெட்டில் பைசா ஒதுக்க வேண்டியதில்லை, செலவு போட்டி ஊரின் தலையில். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தபோது, அவர் கம்பெனியில் பேக்கிங் முடிந்த பெட்டிகளைக் குடோனிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு லைன் தையல்காரர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. தண்ணீருக்கு ஜாமீன் போட்ட அதே நாடு.

2024 நவம்பரில் பாகுவில் நடந்த மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய வாக்குறுதி தந்தார்கள். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். தீர்மானம் நிறைவேறியதாகச் சுத்தியலைத் தட்டிய பிறகு எழுந்த இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா, இது வெறும் கண்கட்டு வித்தை என்ற பொருளில் பேசி, இந்தியா ஏற்கவில்லை என்றார். அந்த 30,000 கோடியிலும் எத்தனை பங்கு கடன், எத்தனை பங்கு இனாம் என்று பிரித்து எழுதவில்லை.

பேத்தி இதையெல்லாம் ஒரு அட்டவணையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வருடம், சொன்ன தொகை, கொடுத்த தொகை, அதில் கடன் எவ்வளவு. கடைசி வரிக்கு வந்தபோது, 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் எடுத்த முடிவை வாசித்தாள். தகவமைப்புக்கான நிதியை 2035-க்குள் மூன்று மடங்காக்க முயற்சி எடுப்பார்களாம்.

"மூணு மடங்குன்னா, எந்த வருசத்துத் தொகைக்கு மூணு மடங்கு?" என்றார் அப்பாரு.

அவள் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அது தெளிவாப் போடலீங்க."

"அப்ப அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதாத. காலியா விடு" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் அவர்.